சிப்பிகுளத்தில் ஒதுங்கிய இலை

சிவகாசிக்காரனுக்குக் கடல் தூரம். 1985-ல் பிரியும் வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தோம். எங்களுக்கும் ஒரு கடற்கரை இருந்தது. இன்று மிச்சமிருக்கும் உறவு ஆறுதான். அர்ஜுனா நதி ஆனைக்குட்டம் அணையில் தேங்கி, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலடியில் வைப்பாற்றோடு சேர்ந்து, விளாத்திகுளம் வழியாகப் போய்ச் சிப்பிகுளத்தருகே மன்னார் வளைகுடாவில் விழுகிறது.

அந்தக் கரையில்தான் இந்த இலையை எடுத்தேன். சாணுக்குக் குறைவு, சுண்டுவிரல் அகலம், நுனியில் நகத்தில் இடறும் சிறு பற்கள். சைமோடோசியா செருலேட்டா என்பது இதன் தாவரப் பெயர். கரைவலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர், "தாழை, தம்பி. இது கிடக்கிற இடத்துலதான் ஓராவும் நண்டும் நிக்கும்" என்றார்.

இது பாசி இல்லை, கடற்புல். வேரும் தண்டும் பூவும் விதையும் உள்ள செடி. இதன் முன்னோர்கள் நிலத்தில் வாழ்ந்து கடலுக்குள் போனவர்கள். மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டிலிருந்து முளைத்த இந்த இலை தன் அடிப்பக்கத்தில் வளர்ந்திருக்கும். நுனிதான் இதன் முதுமை. பகலில் தான் உண்டாக்கிய உயிர்க்காற்றை உட்குழல்கள் வழியே, காற்றே புகாத சேற்றில் இருக்கும் வேருக்கு அனுப்பியிருக்கும். இதன்மேல் நுண்பாசி படிந்திருக்கும், இறால் குஞ்சு மேய்ந்திருக்கும், கணவாய் முட்டை தொங்கியிருக்கும். பச்சை ஆமையும், மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவும் இதைத் தின்பவை.

தின்னாமல் விட்ட தாழையில் ஒரு பகுதி அங்கேயே மட்கிப் புதைகிறது. உலகக் கடல்தரையில் 0.2 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில் இருக்கும் தாழைவெளிகள், கடலடி மண்ணில் ஆண்டுதோறும் புதையும் கரிமத்தில் சுமார் 10 சதவீதத்துக்குப் பொறுப்பு என்பது அறிஞர்கள் கணக்கு. கரிமருந்து ஊரில் பிறந்தவனுக்குக் கரி என்றால் எரிவது. இங்கே அது எரியாமல் பல நூறு ஆண்டுகள் மண்ணுக்குள் கிடக்கிறது.

தாழைக்கு வேண்டியது வெளிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கொண்டுவரும் வண்டலில் கொஞ்சம் அதற்கு உணவு, மிஞ்சினால் கலங்கல். ஊர்ச் சாக்கடை கலந்து வந்தால் பாசி பெருகி இலையை மூடிவிடும். சாத்தூரில் பாலத்தின் மேல் நின்று வைப்பாற்றைப் பார்க்கும்போதெல்லாம், அந்தத் தண்ணீரின் கடைசி வாசல் ஒரு தாழைவெளி என்பது எனக்கு நினைவு வருகிறது. கடலுக்குள் இன்னொரு ஆபத்து: விசைப்படகின் இழுவை மடி தாழையை வேரோடு பிடுங்கிவிடும். கரையையொட்டிய கடலில் அப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தடை இருக்கிறது. தடையைக் கடலில் காப்பாற்ற வேண்டும்.

பிடுங்கிய இடத்தில் மறுபடி நடுகிறார்கள். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார், தாழைக் கன்றுகளைச் சட்டங்களில் சணல் கயிற்றால் கட்டி, முங்கிப் போய்க் கடல்தரையில் பதிக்கிறார்கள். நாற்று நடவேதான், தலைக்கு மேலே தண்ணீர் நிற்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது. பசுவைக் காப்பது என்றால் மேய்ச்சலைக் காப்பது.

கரை ஒதுங்கிய தாழைக்கும் வேலை உண்டு. தமிழகக் கரையோர மக்கள் இதை உரமாகவும் ஆட்டுத் தீவனமாகவும் மருந்தாகவும் பயன்படுத்துவதை 2011-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. டென்மார்க்கின் லேசோ தீவில் உப்புக் காய்ச்சியே மரமெல்லாம் தீர்ந்தபோது, இதன் உறவான இன்னொரு கடற்புல்லால் கூரை வேய்ந்தார்கள். 200 ஆண்டுகளைத் தாண்டிய கூரைகள் அங்கே உண்டு; அந்தப் புல் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் வண்டி வண்டியாக அள்ளுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒதுங்கிய தாழைதான் கரை மணலைப் பிடித்து வைக்கிறது.

நான் எடுத்து வந்தது ஒரு கைப்பிடி. வீட்டில் எங்கள் ஊர்த் தீக்குச்சி ஒன்றை உரசி ஓர் இலைக்கு வைத்தேன். கொழுந்துவிடவில்லை, ஓரம் கருகி, உப்பு வாடையோடு புகைந்து அணைந்தது. மீதியை இரண்டு தண்ணீர் அலசி, கொல்லை முருங்கையின் தூரில் போட்டேன்.