கரிசல் மண்ணில் கதை கேட்டவர்கள்

"தம்பிக்கு எந்த ஊர்?" என்பது இத்தீவில் தமிழர் இருவர் முதன்முதற் சந்திக்குங்கால் எழுகின்ற கேள்வியாகும். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்கட்டொகை 3,80,581. அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள். இத்தனை பேரும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தவர்களே. அல்லது வந்தவர்களின் மக்களே. நம் குடியிருப்பிலும் கோவிற்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் என்று விடையிறுப்போர் சிலர் உளர். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, "அதெல்லாம் கரிசக்காடு தம்பி, நீங்க அறிய மாட்டீங்க" என்று அவர்கள் பேச்சை முடித்துவிடுவது வழக்கம். அறிய மாட்டோம் என்று அவர்கள் கருதிய அவ்வட்டாரத்தைப் பற்றியும், அங்கே கதையும் பாட்டும் சொல்லும் கேட்டும் வாழ்ந்தோரைப் பற்றியும் ஆண்டு விழா மலரில் எழுத முற்பட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அது பின்னர் வரும்.

கரிசல் என்பது கருநிற மண். கோடையில் ஆள் கால் நுழையும் அளவு வெடித்துப் பிளக்கும். மழை பெய்தாலோ காலை விடாது பற்றிக்கொள்ளும். வற்றாத ஆறு அங்கில்லை. பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் வான் மழையை நம்பியே விளைபவை. மானாவாரி உழவன் விதைத்தபின் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியவன். காத்திருக்கும் மனிதனுக்குப் பேச்சே துணை. பொழுது சாய்ந்தபின் ஊர் மடத்திலும் வேப்பமரத்தடியிலும் கதை வளர்வதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இஃது என் கருத்தேயன்றி ஆராய்ச்சி முடிபன்று.

கோவிற்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி இடைசெவல் என்றொரு சிற்றூர் உளது. 1923ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், சில நாள் இடைவெளியில், அவ்வூரில் இரு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். அழகிரிசாமி பள்ளிப் படிப்பை முடித்து, பத்திரிகைப் பணிக்குச் சென்னை சென்றார். ராஜநாராயணனோ உயர்நிலைப் பள்ளியையும் முடிக்கவில்லை, இளமையில் நோயால் வருந்தியவர், உழவே தொழில். நண்பர் இருவருக்கும் முதற் காதல் இலக்கியத்தின்மேல் அன்று, இசையின்மேல் என்பது பலர் அறியாதது.

இசைக்கு அவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை. விளாத்திகுளம் சுவாமிகள் என்று பெயர் பெற்ற நல்லப்ப சுவாமிகள் (1889-1965) முறையாக ஆசிரியரிடம் அமர்ந்து பயின்றவரல்லர். எனினும் ஓர் இராகத்தை எடுத்தால் நெடுநேரம் விரிக்க வல்லவர் என்று அவரைக் கேட்டோர் வியந்து எழுதியுள்ளனர். கோவிற்பட்டியிலோ காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்தார். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் மாணவரான அவர், 'கொஞ்சும் சலங்கை' படத்தில் வாசித்த நாகசுரத்தால் நாடு முழுவதும் அறியப்பட்டார், 1964இல் மறைந்தார். இத்தகையோரைத் தேடிச் சென்று அருகிருந்து கேட்பதும், கேட்டதைப் பேசி மகிழ்வதும் இடைசெவல் இளைஞர் இருவரின் கல்வியாயிற்று.

குற்றாலத்தில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இருந்தார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் இல்லத்தில் அன்பர்கள் கூடிக் கவிதை பேசிய 'வட்டத்தொட்டி'யைத் தமிழுலகம் அறியும். இராஜாஜி, கல்கி, நீதிபதி மகராஜன் போன்றோர் அவர்தம் அன்பர்கள். அங்கே சொற்பொழிவு இல்லை, தீர்மானம் இல்லை, தலைவரும் செயலாளரும் இல்லை. (நம் சங்கத்தார் இவ்விடத்தைச் சினமின்றிப் படிக்க வேண்டுகிறேன்.) ஒரு பாட்டை எடுத்து, அதன் சுவை நாவில் ஊறும்வரை பேசுவர். 1954இல் ரசிகமணி மறையும்வரை, பண்டிதர்க்கு மட்டுமே உரியதென்று கருதப்பட்ட கம்பனை எளிய மக்களின் பேச்சோடு ஒட்டவைத்துக் காட்டியது அவர் பெருந்தொண்டு. கரிசல் இளைஞர் இருவரும் அவரால் ஈர்க்கப்பட்டனர். பேச்சே ஒரு கலை என்ற எண்ணம் அவர்களுக்கு அங்கே உறுதிப்பட்டிருத்தல் கூடும்.

அழகிரிசாமி 1950களில் மலாயா சென்று 'தமிழ் நேசன்' இதழில் பணி புரிந்தார். அங்கே இளம் எழுத்தாளரைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தியதை மலேசியத் தமிழர் இன்றும் நன்றியோடு நினைப்பர். கடல் கடந்த தமிழரான நமக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதன்றோ! 1970 ஜூலையில் அவர் மறைந்தார். 'அன்பளிப்பு' தொகுதிக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு அவ்வாண்டே, அவர் மறைந்தபின், வழங்கப்பெற்றது.

முப்பது வயதைக் கடந்தபின் எழுதத் தொடங்கிய ராஜநாராயணனே நம் கட்டுரையின் நாயகர். அவருடைய நாவல்களுள் 'கோபல்ல கிராமம்' 1976இல் வெளிவந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி ஓடித் தெற்கே வந்து, காட்டை அழித்து ஊரமைத்த ஒரு குடியின் கதை அது. அக்கதையை நூலுள் சொல்பவர் யார்? அரசரா, புலவரா? நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரம்மாள் என்னும் மூதாட்டி. ஓடி வந்த வழி, இடையிற் பட்ட இன்னல், வந்து சேர்ந்த இடம் யாவும் அவர் வாய்மொழியாகவே வருகின்றன. இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991ஆம் ஆண்டுக்குரிய அக்காதெமிப் பரிசைப் பெற்றது. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாய் வாழ்ந்த குடியில் தோன்றியவர் தமிழின் தலைசிறந்த கதைசொல்லிகளுள் ஒருவரானார் என்பதை, வீட்டில் தமிழும் வீதியில் இந்தியுமாய் வாழும் நம் குடும்பத்தார் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

நிற்க. நாட்டார் பாட்டையும் கதையையும் தொகுக்கும் முயற்சி அவருக்கு முன்னரே தென்பாண்டி நாட்டிற் கால் கொண்டிருந்தது. பேராசிரியர் நா. வானமாமலை (1917-1980) பாமரர் பாடல்களை 1960இலும், மேலும் விரிந்த தொகுப்பாகத் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்பதை 1964இலும் வெளியிட்டார். சிற்றூர்களில் வாழ்ந்த நண்பர்கள் களத்துமேட்டிலும் நாற்றங்காலிலும் கேட்டு எழுதி அனுப்பிய பாடல்களே அவற்றுக்கு மூலம். கட்டபொம்மன் கதைப்பாடலையும் அவர் பதிப்பித்தார். 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவனின் பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சிய காலத்தில், அவன் கதை ஏட்டில் அன்று, வில்லுப்பாட்டிலும் கும்மியிலும் வாழ்ந்தது.

இதற்கு மாறான ஒன்றையும் கூறல் வேண்டும். 1801ஆம் ஆண்டுப் போர் முடிந்தபின், தென்னாட்டுப் போராளிகள் எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். நம் தீவுக்கு முதற் கைதிகள் வந்தது அதற்கு ஐம்பத்தாறு ஆண்டுகள் பின்னர், 1858 மார்ச்சுத் திங்களில். பினாங்கு சென்றவர்களுள் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் ஒருவன், அப்போது சிறுவன். 1818இல் பினாங்குக்குச் சென்ற ஆங்கிலப் படைத்தலைவர் ஜேம்ஸ் வெல்ஷ், தம்மை நாடி வந்து நின்ற முதுமை தோய்ந்த மனிதன் அத்துரைச்சாமியே என்று அறிந்து திடுக்கிட்டதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். ஊரில் இருந்தோர் கதையைப் பாட ஊர் இருந்தது. கப்பலேறியவன் கதையை நாம் அறிவது, அவனை எதிர்த்துப் போரிட்ட படையைச் சேர்ந்த வெள்ளையர் எழுதிய சில வரிகளால்.

மீண்டும் இடைசெவலுக்கு வருவோம். ராஜநாராயணன் கதை எழுதியதோடு அமையாது சொல் திரட்டலானார். மக்கள் வாயிற் புழங்கி எந்த அகராதியிலும் இடம் பெறாத கரிசற் சொற்களை நண்பர் பலரின் துணையோடு சேர்த்து, 1982இல் 'வட்டார வழக்குச் சொல்லகராதி'யை வெளியிட்டார். பல்கலைக்கழகம் செய்யவேண்டிய வேலையைப் பள்ளியை முடிக்காத உழவர் செய்தார். அவ்வழியைப் பின்பற்றிப் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் பின்னர் அகராதி கண்டனர். பின்லாந்தில் எலியாஸ் லோன்ரோட் என்னும் மருத்துவர் ஊர் ஊராய் நடந்து நாட்டுப் பாடல்களைக் கேட்டு, 1835இல் 'கலேவலா' என்னும் காப்பியமாகத் தொகுத்தார் என்று படித்திருக்கிறோம். அத்தகைய தொண்டு நம்மவரிடையிலும் நிகழ்ந்தது. 1989இல் புதுவைப் பல்கலைக்கழகம் ராஜநாராயணனை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் பணி அங்கும் தொடர்ந்தது. 2021 மே 17ஆம் நாள் அவர் புதுவையில் மறைந்தார். உடல் இடைசெவலுக்குக் கொணரப்பட்டு அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் திரட்டிய சொற்கள் பிற்காலத்தார்க்கும் பயன்பட்டன. பூமணி, சோ. தருமன், கோணங்கி என அவ்வட்டாரத்தில் எழுத்தாளர் பலர் தோன்றினர். பூமணியின் 'அஞ்ஞாடி' 2014இலும், தருமனின் 'சூல்' 2019இலும் அக்காதெமிப் பரிசு பெற்றன.

இனி, தொடக்கத்திற் குறித்த காரணத்தைச் சொல்கிறேன். அது என் பிழை பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் குடியிருப்புச் சிறுவர்க்கு நடந்த பேச்சுப் போட்டி ஒன்றில் நான் நடுவர். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தடையின்றிப் பேசினான். இடையில், "பைய நடந்து போனாலும் ஊர் போய்ச் சேரலாம்" என்றான். 'மெல்ல' என்றிருக்க வேண்டும், 'பைய' கொச்சை என்று எண்ணி மதிப்பெண்ணைக் குறைத்தேன். மேடையிலேயே அறிவுரையும் கூறினேன். சிறுவன், "எங்க ஆச்சி அப்படித்தான் சொல்லும்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். அவையினர் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

வீடு சென்ற பின்னரே நெஞ்சு உறுத்தியது. 'பைய' என்னும் அச்சொல்லை வள்ளுவரே காமத்துப்பாலில், 1098ஆம் குறளில் ஆண்டிருக்கிறார். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு சொல், சாத்தூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவரோடு கப்பலேறி வங்கக் கடலைக் கடந்து, கொள்ளுப்பேரன் நாவில் வந்து அமர்ந்திருந்தது. அதனை நான் மேடையில் நிறுத்தித் தண்டித்துவிட்டேன்!

அடுத்த வாரம் அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும். துறைமுகத்தில் வேலை செய்த கணவரோடு, சென்னையிலிருந்து நான்கு இரவு கப்பலில் மயங்கிக் கிடந்து வந்தவர். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றதும், "நீங்க படிச்சவுக, சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார். அதனினும் கடுமையான தண்டனையை எனக்கு யாரும் அளித்ததில்லை.

நம் தீவிலேயே நிகழ்ந்த ஒன்று அன்று நினைவுக்கு வந்தது. பெரிய அந்தமானியர் மொழிகளுள் ஒன்றாகிய போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் காலமானார். தம் மொழியில் மறுமொழி சொல்ல ஒருவரும் இன்றிப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். மொழியறிஞர் அன்விதா அப்பி அம்மையார் அருகிருந்து கேட்டுப் பதிவு செய்தமையால், அவர் குரலும் பாட்டும் எஞ்சின. தமிழுக்கு அந்நிலை இல்லை, கோடிக்கணக்கானோர் பேசுகின்றனர். ஆனால் அவ்வாச்சியின் ஊர்க் கதைகளைக் கோடிப்பேர் அறியார். இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் திரும்பி, நிக்கோபாரில் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்களின் கதைகளுக்கும் இதுவே நிலை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது அத்தீவு பட்ட பாடு நாம் அறிந்ததே.

அதன்பின் ஞாயிறுதோறும் மாலையில் ஆச்சியிடம் செல்லலானேன். முதலிரு வாரம் அவர் எதுவும் சொல்லவில்லை, குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் குறிப்பேட்டைக் கொண்டுசெல்லாது போனேன். அன்றுதான் கதை வந்தது. இப்போது சிறுவனே எழுதுகிறான். எழுத்துப்பிழை மிகுதி, ஆயினும் நான் திருத்துவதில்லை. இதுவரை பதினொரு கதைகள் சேர்ந்துள்ளன. நல்ல தங்காள் கதையை அவர் சொல்லும் முறை அச்சிட்ட பெரிய எழுத்துப் புத்தகத்தில் உள்ளதுபோல் இல்லை. பஞ்ச காலத்துக் கரிசல் அதில் இருக்கிறது. இலக்கண நடையில் எழுதப் பழகிய என் கை அதனைப் படியெடுக்க உதவாது என்பதை இக்கட்டுரையைப் படிப்போரே உணர்வர்.

பன்னிரண்டாவது கதை ஒரு நரிக்கும் காடைக்கும் வந்த வழக்கு. பாதி வரை சொல்லிவிட்டு ஆச்சி நிறுத்திவிட்டார். வழக்கு யாரிடம் போயிற்று என்பது மறந்துபோயிற்றாம். "அது எங்க சின்னம்மை மகளுக்குத் தெரியும். ஹட்பேயில இருக்கா. காது கேக்காது, கிட்ட இருந்து சத்தமாப் பேசணும்" என்றார். லிட்டில் அந்தமானுக்கு அடுத்த கப்பல் எந்த நாள் என்று விசாரித்திருக்கிறேன். சிறுவனும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.