மணிக்கொரு ஆம்பியர்

துணைமின்நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தை மாத ராத்திரி ஷிப்டில், மூத்த ஆபரேட்டர் ஒருவர் பழைய டியூப்லைட்டை என் கையில் கொடுத்து 400 கேவி லைனுக்குக் கீழே நிறுத்தினார். "தூக்கிப் பிடி தம்பி" என்றார். ஒயர் இல்லை, சுவிட்ச் இல்லை. குழல் மங்கலாக எரிந்தது. கை மயிர் குத்திட்டு நின்றது. யார்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சடங்கு உண்டு.

எங்கள் தொழிலில் பயம் என்றால் ஷாக்தான். லைன் கிளியர் (எல்.சி.) வாங்காமல் கை வைக்காதே, எர்த் ராடு மாட்டாமல் ஏறாதே என்று முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். இருபது வருஷம் கழித்து வரும் சாவுக்கு எங்களிடம் பாடம் கிடையாது. அந்த மூத்தவர் ஓய்வுபெற்ற சில வருஷத்தில் ரத்தப் புற்றுநோயில் போனார். பதினாறாம் நாள் காரியத்தன்று அவர் மனைவி கேட்டார்: "கரண்டோடயே கெடந்தாரே தம்பி, அதனால இருக்குமோ?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருப்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மின்சாரத்தோடு கிடப்பது உடம்பைக் கெடுக்குமா என்று முதலில் கேட்டவர்கள் சோவியத் நாட்டுக்காரர்கள். அங்கே உயர் அழுத்த யார்டுகளில் வேலை பார்த்தவர்கள் தலைவலி, அசதி, தூக்கமின்மை என்று சொன்னதை 1960களில் மருத்துவர்கள் குறித்துவைத்தார்கள். 1972இல் பாரிஸில் கூடிய மின்பொறியாளர் மாநாட்டில் அது பேசப்பட்டது. மின்புலம் மீட்டருக்கு 10 கிலோவோல்ட் இருக்கும் இடத்தில் நாளுக்கு 180 நிமிடம், 25 கிலோவோல்ட் என்றால் 5 நிமிடம் என்று சோவியத்தில் நேரம் வகுத்தார்கள். என் டியூப்லைட்டை எரியவைத்த அதே மின்புலம்தான். அதில் புற்றுநோய் என்ற பேச்சே அப்போது இல்லை.

அந்தப் பேச்சு 1979இல் அமெரிக்காவின் டென்வரில் எழுந்தது. நான்சி வெர்தைமர், எட் லீப்பர் என்ற இருவர், புற்றுநோயில் இறந்த குழந்தைகளின் வீடுகளுக்கு வெளியே ஓடிய கம்பிகளைப் பார்த்தார்கள். அதிகக் கரண்ட் ஓடும் கம்பிக்கு அருகே அந்த வீடுகள் கூடுதலாக இருந்தன. சந்தேகம் வோல்ட்டேஜிலிருந்து ஆம்பியருக்கு, மின்புலத்திலிருந்து காந்தப்புலத்துக்கு மாறியது அங்கேதான். மின்புலத்தை ஒரு தகரக் கூரை தடுத்துவிடும். காந்தப்புலம் சுவரையும் உடம்பையும் ஊடுருவிப் போகும். ஒரு மயிர்கூட அசையாது.

1982இல் வாஷிங்டன் மாநில மருத்துவர் சாமுவேல் மில்ஹாம், 1950 முதல் 1979 வரை இறந்த ஆண்களின் இறப்புச் சான்றிதழ்களைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்தார். லைன்மேன், மின்நிலைய ஆபரேட்டர், வெல்டர், சினிமா ஆபரேட்டர் உட்பட மின்சாரம் புழங்கும் 11 தொழில்களில் 10இல் ரத்தப் புற்றுநோய்ச் சாவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். ஆனால் சான்றிதழில் இருப்பது தொழிலின் பெயர் மட்டும். வெல்டர் புகையையும் சுவாசிக்கிறார். லைன்மேன் ஏறும் மரக் கம்பத்தில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் பூசியிருக்கும். பழைய கெப்பாசிட்டர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு இருந்தது. எதன் மேல் பழி போடுவது?

ஆகவே அளக்கத் தொடங்கினார்கள். 1994இல் கியூபெக், ஒண்டாரியோ, பிரான்ஸ் மின்நிறுவனங்களின் 2,23,000க்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் சுமார் இரண்டாயிரம் பேர் இடுப்பில் சிறு மீட்டரைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். காந்தப்புலம் அதிகம் பட்டவர்களுக்கு ஒருவகை ரத்தப் புற்றுநோய் கூடியிருந்தது. ஆனால் புலம் ஏற ஏற நோயும் ஏறவில்லை. மறு வருஷம் 1,38,905 அமெரிக்கத் தொழிலாளர்களை ஆராய்ந்த சாவிட்ஸ், லூமிஸ் என்ற ஆய்வாளர்கள் ரத்தப் புற்றுநோய்க்குத் தொடர்பு காணவில்லை. மூளைப் புற்றுநோயில் மட்டும் ஓரளவு ஏற்றம் கண்டார்கள். 2002இல் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் காந்தப்புலத்தை '2பி' பட்டியலில் வைத்தது. 'புற்றுநோய் தரக்கூடும்' என்று பொருள். அதற்கும் ஆதாரமாக நின்றவை குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகள். எங்களைப் போன்ற தொழிலாளிகளைப் பற்றிய ஆதாரம் போதாது என்றே எழுதினார்கள்.

இதையெல்லாம் படித்தபோது என்னை உறுத்தியது லாக் ஷீட். ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு ஃபீடர் லைனின் ஆம்பியரை அதில் எழுதுவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எண்கள் ஏறும், நள்ளிரவுக்குப் பின் இறங்கும். காந்தப்புலத்தைக் கணக்கிட முக்கியமாக வேண்டியது அந்த ஆம்பியரும், கம்பிக்கும் ஆளுக்கும் உள்ள தூரமும்தான். அந்நிய நாட்டில் மீட்டர் கட்டித் தேடிய கணக்கில் பாதியை நாங்கள் கைப்பட எழுதி வைத்திருந்தோம். லோடுக்காக எழுதினோம், எங்களுக்காக என்று தோன்றவில்லை. கட்டுக் கட்டாகச் சேர்ந்த தாள்கள் ஒருநாள் எடைக்குப் போயின.

போன மாதம் அந்த மூத்தவரின் மனைவியைப் பார்த்தேன். "அதனாலதான்னு சொல்ல முடியாது அண்ணி. இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியல" என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, "தினமும் என்னமோ எழுதுவாரே, அதுல இருக்காதா?" என்று கேட்டார்.