நிரை கொடுத்தால் போதுமா? – திறமூலத் திட்டங்களில் தொடக்கப் பணியின் வரலாறு



சுங்கை ரம்பாய், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்தில் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்: புதிதாகப் பால்மரம் வெட்ட வந்த ஆளுக்கு முதலில் என்ன கொடுத்தார்கள்? ஒரு நிரை. இங்கிருந்து அங்குவரை உன் மரங்கள், அவ்வளவுதான். ஆனால் நிரையைக் காட்டியதோடு மண்டோர் வேலை முடிந்துவிடவில்லை. கத்தி ஆழமாகப் போனால் பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய வளர்படலத்தில் காயம் படும். அப்புறம் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காக வெட்ட முடியாது. அதனால் புது ஆளின் மரத்தைப் பார்ப்பார், திட்டுவார், கத்தியை வாங்கி வெட்டியும் காட்டுவார். (தோட்ட நிர்வாகத்தைப் புகழ நான் இதைச் சொல்லவில்லை. திட்டு கொஞ்சம் அதிகம்தான்.)

வரலாற்றுப் பாடத்திலும் இதே கதை இருக்கிறது. ஹென்றி ரிட்லி 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்றார், ரப்பர் விதைகளைத் தோட்டக்காரர்களுக்கு வழங்கினார் என்று எல்லோரும் எழுதுகிறோம். வரவேற்பு குறைவாக இருந்தது. 1896இல் நம் மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் சுமார் 40 ஏக்கரில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பலருடைய விடைத்தாள் இங்கேயே நின்றுவிடுகிறது. ரிட்லி செய்த இன்னொரு வேலையையும் சேர்த்து எழுதுங்கள்: மரம் சாகாமல் அதே மரத்தில் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வெட்டு முறையை அவர் ஆராய்ந்து காட்டினார். விதையை மட்டும் கொடுத்திருந்தால் மலாயாவில் ரப்பர் ஓடியிருக்குமா?

சரி, இதற்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமையைச் சட்ட வடிவில் பாதுகாக்கும் பொது உரிமம் 1989இல் வந்தது. 1991 ஆகஸ்ட் 25ஆம் நாள் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அதுதான் லினக்ஸ். யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம் என்பது இந்த மரபின் அடிப்படை. ஆனால் கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே வந்தவருக்கு உட்கார இடம் காட்டுவது வேறு. லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரலைப் பார்த்துப் புதியவர் மிரண்டு ஓடிவிடுவார். இதனால் திட்டங்கள் சின்னச் சின்ன வேலைகளைத் தனியே பிரித்து, ‘இது தொடக்கக்காரருக்கு’ என்று குறி போட்டு வைத்தன. லிப்ரே ஆபிஸில் ‘ஈஸி ஹேக்ஸ்’ என்றார்கள். கிட்ஹப் தளத்தில் ‘குட் பர்ஸ்ட் இஷ்யூ’ என்ற குறி இன்று எங்கும் தெரிகிறது.

அதாவது நிரை பிரித்தாயிற்று. மண்டோர் எங்கே?

நடப்பது இதுதான். ஒரு மாணவர் அந்த வேலையின் கீழே, "நான் செய்கிறேன்" என்று எழுதுகிறார். அதைப் பார்த்து மற்றவர்கள் விலகிக்கொள்கிறார்கள். மாணவர் மென்பொருளைத் தன் கணினியில் ஓடவைக்கவே இரண்டு நாள் போராடுகிறார். ஒரு சந்தேகம் கேட்கிறார். பதில் வர இரண்டு வாரம். அதற்குள் சோதனைத் தேர்வு வந்துவிடுகிறது. ஆள் காணாமல் போகிறார். வேலை முடியவும் இல்லை, வேறு ஆளுக்குப் போகவும் இல்லை. வேலி போட்ட காலி நிலம் மாதிரி கிடக்கிறது.

பொறுப்பாளரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவரும் பெரும்பாலும் சம்பளம் இல்லாத தன்னார்வலர். தானே செய்தால் பத்து நிமிடம், சொல்லிக்கொடுத்தால் இரண்டு மணி நேரம். பிரெட் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூலில் ஒன்றைச் சொன்னார்: தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலைக்குக் கூடுதலாக ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்குக் கற்றுத்தரப் பழையவரின் நேரம் போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வந்த ஆள் தங்கினால்தான் அந்த நேரம் திரும்பக் கிடைக்கும். பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்துப் பத்துப் பேரும் போய்விட்டால் பதினொன்றாவது ஆளுக்கு அவர் பதில் போடமாட்டார். அந்தப் பதினொன்றாவது ஆள் உங்கள் மாணவராக இருக்கலாம்.

பரிசு கொடுத்தால் சரியாகிவிடுமா? அதையும் பார்த்தாயிற்று. 2014இல் டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் ‘ஹாக்டோபர்பெஸ்ட்’ தொடங்கியது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பங்களித்தால் டி-சட்டை. 2020 அக்டோபரில், சட்டைக்காக ஒரு சொல்லை மாற்றி அனுப்பும் வெற்றுத் திருத்தங்கள் குவிந்தன. பொறுப்பாளர்கள் வெறுத்துப்போனார்கள். விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

வென்ற வழி நூல்களை மின்னூலாக்கும் உலகில் கிடைத்தது. மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கிய குட்டன்பெர்க் திட்டத்தில், முன்பு ஒருவர் ஒரு முழு நூலைச் சுமக்க வேண்டியிருந்தது. பாதியில் விட்டால் பாதி நூல்தான். 2000இல் சார்லஸ் பிராங்க்ஸ் ‘டிஸ்டிரிபியூட்டட் புரூப்ரீடர்ஸ்’ என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். வேலையின் அளவு ஒரே ஒரு பக்கம். பக்கத்தின் படத்தைப் பார்த்துப் பிழை திருத்த வேண்டும். அடுத்த சுற்றில் இன்னொருவர் அதே பக்கத்தைச் சரிபார்ப்பார். 2002 நவம்பர் 8ஆம் நாள் ஒரு செய்தித்தளத்தில் இதைப் பற்றி வந்ததும் ஒரே நாளில் 4,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஒரு பக்கம் செய்துவிட்டு ஒருவர் போய்விட்டாலும் அந்தப் பக்கம் மிச்சம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: விட்டுப்போகிறவரையும் கணக்கில் எடுத்துப் பிரித்த வேலை அது.

தமிழிலும் இதே பாதைதான். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அதன் முன்னோடி. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். பிறகு அங்கேயும் பக்கங்களைப் பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது. அந்த மின்னூல்களைத் திறந்தால், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் முதலிலேயே இருக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் தன் பெயரை அங்கே பார்த்தவர் அடுத்த நூலுக்கும் கை கொடுப்பார் என்பது என் எண்ணம்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், புதியவருடைய பேச்சுப் பக்கத்தில் வரவேற்புச் செய்தி இடுவார்கள். சந்தேகம் கேட்கும் பொது இடத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். விக்கிமூலத்தில் பக்கத்துக்கு நிறம் உண்டு: மெய்ப்புப் பார்க்காதது சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. ஆக, ஒருவர் செய்ததை இன்னொருவர் கண்டிப்பாகப் பார்த்தே ஆகவேண்டும். மண்டோரை ஏற்பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்!

இது நூல்தானே, மென்பொருள் எங்கே என்பவர்களுக்கு: விக்கித் தளங்களை ஓட்டும் மீடியாவிக்கி ஒரு திறமூல மென்பொருள். அதன் பொத்தான்களிலும் அறிவிப்புகளிலும் தெரியும் தமிழ்ச் சொற்களைத் தன்னார்வலர்கள் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் ஒவ்வொரு தொடராக மொழிபெயர்க்கிறார்கள். செய்யாமல் விட்ட தொடர் திரையில் ஆங்கிலத்தில் நிற்கும். நிரல் எழுதத் தெரியாத படிவம் நான்கு மாணவருக்கும் பொருந்தும் வேலை இது.

சுங்கை ரம்பாயிலோ வேறெங்கோ உங்கள் பள்ளிப் புறப்பாடக் கழகத்தில் இதைத் தொடங்கினால், முதல் நாளே இருபது பேருக்குக் கணக்குத் திறக்காதீர்கள். நாலு பேர் போதும். ஆளுக்கு ஒரு பக்கம் அல்லது ஐந்து தொடர், அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற அளவு. பக்கத்தில் உட்காருங்கள். ஒருவர் மஞ்சளாக்கியதை அடுத்த வாரம் இன்னொருவர் பார்க்கட்டும். முடியாதவர், "என்னால் முடியவில்லை, வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு விலகலாம், அதற்காகத் திட்டாதீர்கள். நம்ம பசங்க வெட்கப்பட்டு எழுதாமல் விடுவதுதான் வழக்கம், அதனால் அந்த வரியை எப்படி எழுதுவது என்பதையும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.