பெங்களூரின் சிற்றலைக் கம்பங்கள்: இந்தியாவின் அயல்நாட்டு ஒலிபரப்பு, 1939–1994

மறுப்புச் சொல்வதற்காகப் பிறந்தது இந்தியாவின் அயல்நாட்டு ஒலிபரப்பு. 1939 அக்டோபர் 1 அன்று அகில இந்திய வானொலி பஷ்து மொழியில் பேசத் தொடங்கியது, ஆப்கானிஸ்தான் பக்கம் பரவிக்கொண்டிருந்த ஜெர்மானியப் பிரச்சாரத்தை முறியடிக்கத்தான். பேச வைத்தது பிரிட்டிஷ் அரசு. ஆட்சி மாறிய பின்னும் அந்தப் பிறவிக்குணம் போகவில்லை. பிறர் கதையை மறுப்பதில் காட்டிய முனைப்பை, கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று அறிவதில் இவ்வமைப்பு காட்டவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

போர்க்காலத்தில் எல்லாரும் இந்தியக் காதுகளைத் தேடினார்கள். 1941 மே மாதம் லண்டனிலிருந்து பிபிசி தமிழில் பேசியது. 1942 தொடக்கத்தில் பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி வந்தது. பிபிசியில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்த ஜார்ஜ் ஆர்வெல், கேட்பவர் மிகச் சிலரே என்று உணர்ந்து 1943இல் விலகினார்.

திருப்புமுனை 1963. சீனப் போருக்குப் பிந்தைய பதற்றத்தில், கல்கத்தாவில் 1,000 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி அமைக்க அமெரிக்காவுடன் ஒப்பந்தமானது; கைம்மாறாக, தினமும் சில மணி நேரம் அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அணிசேரா நாட்டின் மண்ணில் அந்நிய அரசின் குரலா என்ற எதிர்ப்பில் நேரு பின்வாங்கினார். பின்னர் அந்த இடத்துக்குச் சோவியத் ஒலிபரப்பி வந்தது. அதற்கு இவ்வளவு கூச்சல் எழவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று பெய்ஜிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பகை நாட்டின் குரல். ஆனால் பின்னாளில் அதற்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நேயர் மன்றங்கள் முளைத்தன. சீன அறிவிப்பாளர்கள் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். நேயர் கடிதங்களைப் பெயரும் ஊரும் சொல்லிப் படித்தார்கள். மாவோவின் கொள்கையை விட, தன் பெயர் பெய்ஜிங்கில் ஒலித்ததே நேயரைக் கட்டிப்போட்டது என்பது என் கணிப்பு. கொள்கை அந்த நட்பின் முதுகில் ஏறி வந்தது.

நேயரோடு இத்தகைய நெருக்கம் இந்தியாவுக்கும் ஒருமுறை வாய்த்தது. 1971இல், வங்கதேச விடுதலைப் போரின்போது, ஆகாசவாணி கல்கத்தாவின் செய்தி வாசிப்பாளர் தேவதுலால் பந்த்யோபாத்யாயின் குரலுக்காகக் கிழக்கு வங்காளம் காத்திருந்தது. தன் ஊரில் என்ன நடக்கிறது என்பதைத் தன் மொழியிலேயே கேட்க வேண்டிய அவசரம் அந்த மக்களுக்கு இருந்தது. பரப்புரைக்கு அதைவிட வளமான நிலம் கிடையாது.

அந்நியக் குரல் பற்றிய டெல்லியின் அச்சமோ அப்படியே இருந்தது. 1987 இந்திய-இலங்கை உடன்பாட்டோடு பரிமாறிக்கொண்ட கடிதத்தில், இலங்கையிலுள்ள அயல்நாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் ராணுவ, உளவு வேலைகளுக்குப் பயன்படாதபடி பார்த்துக்கொள்வதாகக் கொழும்பு வாக்குறுதி தந்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவை மனத்தில் வைத்தே டெல்லி அதைக் கேட்டு வாங்கியது.

இந்தப் பின்னணியில்தான் பெங்களூருக்கு வடக்கே, எலகங்காப் பக்கம் எழுந்த மையத்தைப் பார்க்க வேண்டும். 1994இல் தலா 500 கிலோவாட் திறனுள்ள நான்கு சிற்றலை ஒலிபரப்பிகள் அங்கே இயங்கத் தொடங்கின. உலகின் மிகப் பெரிய சிற்றலை மையங்களில் ஒன்று என்று அரசு பெருமைப்பட்டது. காலம்தான் பொருந்தவில்லை. பனிப்போர் முடிந்து மூன்றாண்டு. செயற்கைக்கோள் தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. ஐரோப்பா, ஆஸ்திரேலியா வரை எட்டும் வலிமை கிடைத்தபோது, சொல்ல இருந்ததோ பெரும்பாலும் அமைச்சர் பயணங்களும் அரசு அறிக்கைகளும் கொஞ்சம் சாஸ்திரிய இசையும். அறிக்கை வாசிப்பில் நேயரின் பெயருக்கு இடமேது?

வெளிநாடுகளிலிருந்து கடிதங்கள் வந்தன. அவற்றில் கணிசமானவை, தொலைதூர அலைவரிசைகளைத் தேடிப் பிடிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் எழுதியவை. அலைவலிமை எவ்வளவு, குறுக்கீடு உண்டா, எத்தனை மணிக்குக் கேட்டது என்று குறித்து, அதற்கு அத்தாட்சியாக ஓர் அட்டை அனுப்பும்படி கேட்டிருப்பார்கள். செய்தியில் என்ன சொன்னார்கள் என்பதை, கேட்டதற்கு ஆதாரமாக மட்டும் இரண்டு வரியில் எழுதியிருப்பார்கள்.