மெட்ராய்டு பிரைம் 3: கரப்ஷன்

மெட்ராய்டு பிரைம் 3: கரப்ஷன், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இயங்கும் ரெட்ரோ ஸ்டூடியோஸ் உருவாக்கி, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தன் வீ கருவிக்காக வெளியிட்ட அறிவியல் புனைகதை வீடியோ கேம். வட அமெரிக்காவில் 2007 ஆகஸ்ட் இறுதியிலும், ஐரோப்பாவில் அந்த ஆண்டு அக்டோபரிலும், ஜப்பானில் 2008 மார்ச்சிலும் விற்பனைக்கு வந்தது. 1986-இல் தொடங்கிய மெட்ராய்டு வரிசையில், 2002-இல் கிளைவிட்ட 'பிரைம்' கதைகளின் மூன்றாம் பாகம் இது. சேமஸ் ஆரன் என்னும் வீராங்கனையின் கண்களால் நாம் உலகத்தைப் பார்க்கிறோம். அவளுடைய தலைக்கவசக் கண்ணாடியே நம் திரை. தொலைக்காட்சியை நோக்கி ரிமோட்டை நீட்டி ஆடும் அசைவுக் கட்டுப்பாட்டுக்காகவே இந்த ஆட்டம் பெரிதும் பேசப்பட்டது. ஆனால் அந்தப் பேச்சில் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது. உடம்பை அசைக்க வைத்தது இதன் சாதனை இல்லை. முதல் நபர் ஆட்டங்களில் பொதுவாக ஒன்றாகக் கட்டிப்போட்டிருந்த கண்ணையும் கையையும் இது பிரித்துவிட்டது. கட்டுப்பாட்டு முறையில் எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்பதற்கெல்லாம் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள முந்தைய இரண்டு பாகங்களுக்குப் போக வேண்டும். கேம்கியூப் கருவியில் வந்த முதல் பாகத்திலும், 2004-இல் வந்த எக்கோஸ் என்னும் இரண்டாம் பாகத்திலும் நடப்பதற்கும் திரும்புவதற்கும் ஒரே குச்சிதான். அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். எதிரியைச் சுட, இன்னொரு பொத்தானை அழுத்தினால் பார்வை தானாகவே அவன்மேல் பூட்டிக்கொள்ளும். குறிபார்க்கும் வேலை ஆடுபவருக்கு இல்லை. வீடும் தெருவும் தெரிந்துகொள்வதைப் போல ஓர் அந்நிய உலகத்தை மெதுவாகத் தெரிந்துகொள்ளும் ஆட்டத்துக்கு அந்த ஏற்பாடு பொருந்தியது. நின்டெண்டோவும் இதைச் சுடும் ஆட்டம் என்று சொல்லாமல் 'முதல் நபர் சாகசம்' என்றே அழைத்தது. ஆனாலும் சேமஸின் வலக்கை ஒரு பீரங்கி. அந்தக் கை எப்போதும் அவள் முகம் திரும்பிய திசையிலேயே இருந்தது. எதிரில் பேசுகிறவரின் முகத்தைப் பார்த்தபடியே மேசையிலிருக்கும் தம்ளரை எடுக்க நமக்கு முடிகிறது. அந்தச் சாதாரணத் திறமை விண்வெளி வீராங்கனைக்கு இல்லாமல் இருந்தது.

மூன்றாம் பாகத்தில் நிலைமை மாறியது. இடக்கையில் நன்சக் என்னும் துணைக்கருவி, அதன் குச்சி நடக்கவும் பக்கவாட்டில் நகரவும். வலக்கையில் ரிமோட்; அது காட்டும் இடத்தில் திரையில் குறி நிற்கும். குறி திரைக்குள் நகரும்வரை பார்வை அவ்வளவாக அசையாது. விளிம்பை நெருங்கினால்தான் தலை அந்தப் பக்கம் திரும்பும். இந்தத் திருப்பத்தின் கூர்மைக்கு மூன்று நிலைகள் உண்டு. மிக உயர்ந்த நிலையைத் தேர்ந்தால் நடுவில் அசையாத பகுதி சுருங்கி, சின்ன அசைவுக்கும் பார்வை திரும்பும். பூட்டிய பிறகும் குறியைத் தனியே நகர்த்த அனுமதிக்கும் இன்னொரு அமைப்பும் இருக்கிறது. கேடயம் ஏந்திய விண்கொள்ளையன் ஒருவன் எதிரே வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். நன்சக்கின் பொத்தானை அழுத்தினால் பார்வை அவன்மேல் நிலைக்கிறது. இடக்கையை வெடுக்கென்று முன்னே வீசினால் சேமஸின் இடக்கையிலிருந்து ஒளிக்கயிறு பாய்ந்து கேடயத்தைப் பற்றுகிறது. கையைப் பின்னுக்கு இழுத்தால் கேடயம் பிய்த்துக்கொண்டு வருகிறது. இத்தனைக்கும் நடுவில் வலக்கை சும்மா இருப்பதில்லை, அது அவன் தலையையோ பக்கத்தில் வரும் இன்னொருவனையோ குறிவைத்துக் காத்திருக்கிறது. அவளுடைய வலக்கை நம் வலக்கை, அவளுடைய இடக்கை நம் இடக்கை. இவ்வளவு நேரான பொருத்தத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த ஏற்பாடு ஏன் துல்லியமாக வேலை செய்தது என்பதற்குக் கருவியின் உள்ளமைப்பே சாட்சி. குறிபார்ப்பதை அசைவுக் கட்டுப்பாடு என்று பொதுவாகச் சொன்னாலும், அதைச் செய்வது அசைவுணரி இல்லை. ரிமோட்டின் முனையில் அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும் சின்னக் கேமரா இருக்கிறது. தொலைக்காட்சிமேல் வைக்கும் 'சென்சார் பார்' பெயருக்குத்தான் சென்சார். அது எதையும் உணர்வதில்லை, இரு முனைகளிலும் அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது, அவ்வளவுதான். அதன் இடத்தில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தாலும் ரிமோட் வழி கண்டுகொள்ளும். அந்த ஒளிப்புள்ளிகள் கேமராவில் எங்கே விழுகின்றன என்பதை வைத்து ரிமோட் காட்டும் இடத்தைக் கருவி அளந்தே சொல்கிறது. வீசுவதும் இழுப்பதும் வேறு கதை. அவற்றை உணரும் முடுக்கமானி, வேகம் மாறுவதையும் புவியீர்ப்பின் திசையையும் மட்டுமே அறியும். கை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சுழற்சியை நேரடியாக அளக்கும் மோஷன்பிளஸ் இணைப்பு வந்ததே 2009-இல்தான். ஆகவே இந்த ஆட்டத்தில் சுட்டுவது அளவீடு, வீசுவது ஊகம். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்ததால்தான் ஒன்றின் குறை மற்றதன் தலையிலும் விழுந்தது.

அந்தக் குறையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சுவரில் பதிந்த கைப்பிடியை ரிமோட்டால் இழுத்து, திருப்பி, தள்ளித் திறக்கும் காட்சிகள் ஆட்டம் முழுக்க வருகின்றன. கப்பலின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பொத்தான்களைச் சுட்டி அழுத்துவதும் உண்டு. ஒரு பொத்தானில் முடிகிற காரியத்துக்கு இத்தனை கையாட்டம் எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரே மாதிரிக் கைப்பிடி பத்தாவது முறை வரும்போது புதுமை தீர்ந்து வேலை மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் திருப்பும் அசைவு மட்டும் கடைசிவரை நன்றாகவே அமைகிறது. மணிக்கட்டின் சாய்வைப் புவியீர்ப்பே காட்டிக்கொடுப்பதால், திரையில் சேமஸின் கை நம் கையோடு சேர்ந்து திரும்புகிறது. கருவிக்கு எது உறுதியாகத் தெரியுமோ அங்கே நம்பிக்கை பிறக்கிறது.

சுட்டும் முறை வந்ததும் சாகசம் போய்ச் சண்டை மிஞ்சிவிட்டது என்பது இன்னும் கனமான குற்றச்சாட்டு. முந்தைய பாகங்களைவிட இதில் சண்டை கூடுதல் என்பதும், தனித்து அலையும் உணர்வு குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் கதையமைப்பு. கூட்டமைப்புப் படையின் கப்பலில் ஆட்கள் சூழத் தொடங்கும் கதை, ஃபேஸான் என்னும் நச்சுப்பொருளைப் பரப்பும் விதைகளைத் தேடி பிரையோ, எலிசியா, கொள்ளையரின் தாய்க்கோள் என்று கோளுக்குக் கோள் தாவுகிறது. ஒன்றோடொன்று பின்னிய ஒரே உலகம் கப்பலேறிப் போகும் தனித்தனி இடங்களாக உடைந்தது அங்கேதான். சுட்டும் கை அதற்குப் பொறுப்பில்லை. சொல்லப்போனால், தேடும் வேலைக்கு அந்தக் கை உதவியது. பொருள்களை ஆராயும் 'ஸ்கேன்' கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எலிசியாவின் மேகங்களில் மிதக்கும் நகரத்தில் ஒரு எந்திரத்தையோ சுவரையோ விரலால் தொடுவதைப் போலச் சுட்டி, அதன் கதையைப் படிக்க முடிகிறது. கணினியின் மவுஸ் இதைவிட வேகமாகத் திரும்பும் என்பார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் மவுஸால் ஆடும் முதல் நபர் ஆட்டங்களில் பொதுவாகத் துப்பாக்கி திரையின் நடுவிலேயே ஒட்டியிருக்கும். அங்கே கையை அசைப்பது தலையை அசைப்பதுதான். கை வலிக்குமே என்ற கவலைக்கும் இடமில்லை, மணிக்கட்டை மடியில் வைத்தபடி லேசாகத் திருப்பினாலே குறி திரையின் விளிம்புவரை போகும்.

கதையின் மையக்கருவோடும் இந்தக் கை சேர்ந்துகொள்கிறது. சேமஸின் உடலுக்குள்ளேயே ஃபேஸான் புகுந்துவிட்டது. ஓர் ஆற்றல் கலத்தைக் கொடுத்து 'ஹைப்பர்மோட்' நிலைக்குப் போனால் சுமார் 25 நொடிகளுக்கு அவள் தாக்குதல் பயங்கரமாகிறது. நச்சு கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கினால், சுட்டுச் சுட்டு அதை வெளியேற்றியாக வேண்டும். தவறினால் ஆட்டம் முடிந்தது. நம் கையில் இருக்கும் கருவியே அவளுக்கு வடிகாலாகவும் இருக்கிறது.

கண்ணையும் கையையும் பிரித்ததே சாதனை என்ற வாதத்துக்கு வலுவான ஆதாரம் 2009-இல் வந்த மெட்ராய்டு பிரைம் டிரிலஜி. பழைய இரண்டு பாகங்களையும் வீ ரிமோட்டுக்கு ஏற்றபடி மாற்றி, மூன்றையும் ஒரே வட்டில் நின்டெண்டோ கொடுத்தது. அதே அறைகள், அதே எதிரிகள். முக்கியமாக மாறியது பிடிக்கும் விதம். அந்தப் பழைய பாகங்களுக்குச் சுட்டும் முறை போனது, கைப்பிடி இழுக்கும் வேலை போகவில்லை. 2023-இல் ஸ்விட்ச் கருவிக்கு மெருகேற்றி வந்த முதல் பாகத்தில், பல கட்டுப்பாட்டு முறைகளுள் ஒன்றாகச் சுட்டும் முறை மறுபடி இடம்பெற்றது; சென்சார் பார் இல்லாத கருவி என்பதால் இம்முறை சுழற்சியை அளக்கும் ஜைரோ உணரி அந்த வேலையைச் செய்தது. 2025 டிசம்பரில் வந்த நான்காம் பாகத்தை ஸ்விட்ச் 2-இல் ஆடுகிறவர்கள் கட்டுப்படுத்தியை மேசையில் பக்கவாட்டில் வைத்து மவுஸைப் போல நகர்த்தியும் குறிபார்க்கலாம். தூக்கிப் பிடித்தால் மீண்டும் காற்றில் சுட்டலாம்.