ஊராட்சி எல்லையோடு நின்றுவிடும் வாடகைச் சட்டம்

மரக்காணம் ஒரு பேரூராட்சி. அங்கே உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடு பிடிப்பவருக்கு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் (42/2017) துணைநிற்கும். அங்கிருந்து தெற்கே, ஆரோவில்லை ஒட்டியுள்ள குயிலாப்பாளையம் கிராம ஊராட்சிப் பகுதி. நகர்ப்புறங்களுக்கென்று எழுதப்பட்ட அந்தச் சட்டம் இங்கே வருவதில்லை. ஆனால் வாடகைச் சந்தை என்னவோ இங்கேதான் சுறுசுறுப்பானது. 1968இல் தொடங்கிய ஆரோவில்லுக்குள் வீடுகள் தனியார் சொத்தல்ல. ஆகவே அங்கே தங்கிப் பணியாற்ற வருவோரில் பலர் சுற்றியுள்ள கிராமங்களில்தான் வீடு தேட வேண்டியிருக்கிறது. வாடகைச் சட்டத்தின் எல்லையை வாடகைக் குடியிருப்பைப் பார்த்து வகுக்காமல் உள்ளாட்சியின் பெயர்ப்பலகையைப் பார்த்து வகுத்திருப்பது வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவருக்குமே கேடு என்பதே என் வாதம்.

மாநிலச் சட்டம் வராத இடத்தில் மிஞ்சுவது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். எழுத்தில் வேறு நிபந்தனை இல்லையென்றால், மாத வாடகைக் குடியிருப்பை 15 நாள் அறிவிப்பில் முடித்துவிடலாம் என்கிறது அது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், பத்திரத்தாளில் 11 மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. பல இடங்களில் அதுவும் இல்லாமல் வாய்ப்பேச்சோடு சாவி கைமாறுகிறது. வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தப் பதிவு, மூன்று மாத வாடகை அளவிலான அட்வான்ஸ், குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டித்து நெருக்கக் கூடாது என்ற தடை ஆகியவை நகரத்துக் குடியிருப்பவருக்கு 2017 சட்டம் தந்தவை. கிராமத்தில் மோட்டார் சுவிட்ச் வீட்டுக்காரர் கையில் இருந்தால் தண்ணீரும் அவர் மனம்போல்தான். வீட்டுக்காரர் நிலையும் மெச்சத்தக்கதல்ல. காலி செய்ய மறுப்பவர் மீது அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுக் காத்திருக்க வேண்டும். மரக்காணத்தில் உள்ளவருக்கோ வாடகை நீதிமன்றம் என்ற தனி வழி உண்டு.

கட்டுப்பாடு வந்தால் வாடகைக்கு வீடு கிடைக்காமல் போகும் என்ற எதிர்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 1960ஆம் ஆண்டின் பழைய சட்டம் கட்டட மதிப்பில் குடியிருப்புக்கு 9, பிற பயன்பாட்டுக்கு 12 விழுக்காடு என்று நியாய வாடகையைக் கணக்கிட்டது. சந்தை உயர்ந்தபோதும் வாடகை நகரவில்லை. வீட்டைப் பூட்டி வைப்பதே மேல் என்று உரிமையாளர்கள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் 2017 சட்டம் வாடகைத் தொகையை நிர்ணயிப்பதில்லை, அதை ஒப்பந்தத்துக்கே விட்டுவிடுகிறது. எனவே பழைய அச்சத்தைப் புதிய சட்டத்தின் மீது ஏற்றுவது பொருந்தாது. மாடியில் ஒரு போர்ஷன் கட்டி விட்டிருக்கும் சிறு வீட்டுக்காரருக்குப் பதிவு ஒரு சுமைதான், மறுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்துவது அதைவிடப் பெரிய சுமை.

கிராமத்தில் இதையெல்லாம் யார் நிர்வகிப்பது என்று கேட்பவர்களுக்குக் குயிலாப்பாளையமே விடை. அங்கே வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது வீட்டில் தங்கவைப்பவர் நெடுங்காலமாக அறிந்த கடமை. யார் தங்கியிருக்கிறார் என்பதை ஒரே நாளில் கேட்டுப் பெறும் அரசுக்கு, அவர் என்ன நிபந்தனையில் தங்கியிருக்கிறார் என்பதைப் பதிவு செய்வது இயலாத வேலையல்ல. பாதுகாப்புக்காக எட்டிப் பார்க்கும் நிர்வாகம் உரிமை என்றதும் ஒதுங்கிக்கொள்வது சரியல்ல. நகரங்களிலேயே பதிவுக்கான கெடுவை ஒரு முறைக்கு மேல் நீட்டிக்க வேண்டியிருந்தது உண்மை. சட்டத்தை மக்களிடம் கொண்டுசேர்க்கத் தவறியதன் விளைவு அது, கிராமங்களை விலக்கி வைப்பதற்கான காரணம் அல்ல. ஒன்றிய அரசு 2021இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் நகரம், கிராமம் என்று பிரிக்கவில்லை. தமிழ்நாடும் அந்தப் பிரிவினையைக் கைவிட்டு, முதற்கட்டமாக ஆரோவில்லைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு 2017 சட்டத்தை விரிவாக்க வேண்டும்.