மரியோ மிராண்டா: சிரிப்புக்குள் ஒரு கோவா

பனாஜியிலிருந்து மாண்டோவி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் போர்வோரிம். அதையடுத்த டோர்டா கிராமத்தில், கப்பல் போல் கட்டப்பட்ட 'ஹவுசஸ் ஆஃப் கோவா' அருங்காட்சியகத்துக்கு எதிரே மரியோ கேலரி இருக்கிறது. கார்ட்டூனிஸ்ட் மரியோ மிராண்டாவின் சித்திரங்களுக்காகவே அமைந்த இடம் இது.

அங்குள்ள படங்களை அவசரமாகப் பார்த்துவிட்டு வர முடியாது. ஒரு மீன் சந்தையை வரைந்தால் விற்பவள், பேரம் பேசுபவர், வேடிக்கை பார்ப்பவர், காலடியில் நாய் என்று காகிதம் முழுக்க நிரம்பியிருக்கும். மரத்தில் இலைகளைக்கூட ஒவ்வொன்றாக வரைந்திருப்பார்! கல்யாணம், தேவாலயத் திருவிழா, சாராயக்கடை, வீட்டுத் திண்ணையில் வம்பளப்பவர்கள் என்று எல்லாமே தினசரி வாழ்க்கைதான்.

மரியோ 1926 மே 2 அன்று டாமனில் பிறந்தார். பூர்வீகம் தெற்கு கோவாவின் லூட்டோலிம் கிராமம். சிறு வயதில் வீட்டுச் சுவர்களில் கிறுக்கித் தள்ளிய பையனிடம் அம்மா ஒரு வெற்று நோட்டைக் கொடுத்தார். அதை மரியோ தன் 'டைரி' என்றார். பாதிரியார்களைக் கேலியாக வரைந்து பள்ளியில் மாட்டிக்கொண்டதும் உண்டு. மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியில் அவர் படித்தது வரலாறு. ஓவியத்தை முறையாகப் படிக்கவே இல்லை.

டைரி பழக்கம் வளர்ந்த பிறகும் தொடர்ந்தது. 1949, 1950, 1951 ஆண்டுகளின் டைரிகள் பின்னாளில் புத்தகங்களாக வந்தன. அவற்றை வரையும்போது கோவா போர்ச்சுக்கீசியர் கையில் இருந்தது. 1510இல் தொடங்கிய அந்த ஆட்சி 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் நுழைந்ததும் முடிந்தது. கவர்னர்கள், உத்தரவுகள், போராட்டங்கள் பற்றி ஆவணங்கள் உண்டு. ஆனால் அந்தக் கடைசி ஆண்டுகளில் ஒரு கிராமத்து மாலைப்பொழுது எப்படிக் கழிந்தது? அதற்கு இந்த டைரிகள் போன்ற சாட்சிகள் குறைவு.

பிறகு மும்பைப் பத்திரிகைகள் அவரை நாடறியச் செய்தன. நடிகை மிஸ் நிம்புபானி, செக்ரட்டரி மிஸ் ஃபொன்சேகா, அரசியல்வாதி பண்டல்தாஸ் ஆகியோர் வாசகர்களுக்கு வீட்டு மனிதர்கள் ஆனார்கள். மகாராஷ்டிரப் பள்ளிக் குழந்தைகள் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் அவர் படங்களைப் பார்த்து வளர்ந்தார்கள். கொலாபாவின் கஃபே மொண்டேகர் சுவர்களிலும் அவர் மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் பத்திரிகைப் படத்தின் ஆயுள் ஒரு நாள்தானே! அச்சானதும் மூலப்படம் எங்கோ போய்விடும். மரியோவும் எதையும் பத்திரப்படுத்தி வைக்கவில்லை. கட்டடக் கலைஞர் ஜெரார்ட் டா குன்யா பல இடங்களில் தேடிச் சேர்த்த படங்கள் 2008இல் பெரிய நூலாக வந்தன. கேலரியும் அவருடைய முயற்சிதான். அந்தத் தேடல் நடக்காமல் போயிருந்தால் இவற்றில் பெரும்பகுதி பழைய பேப்பராகவே போயிருக்கும்.

இந்தச் சாட்சியை அப்படியே ஏற்கலாமா என்றால், கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். லூட்டோலிமில் மரியோவின் வீடு ஒரு மாளிகை. ஷியாம் பெனகலின் 'திரிகால்' (1985) படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. கோவாவில் நிலக்கிழாரை பாட்கார் என்பார்கள், அவர் நிலத்தில் குடியிருப்பவரை முண்ட்கார் என்பார்கள். முண்ட்கார்களை வெளியேற்றாமல் காக்க 1975இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அந்தப் பயம் மரியோவின் கிராமத்தில் அதிகம் தென்படுவதில்லை. மாளிகைத் திண்ணையிலிருந்து பார்த்தால் ஊர் அழகாகத்தான் தெரியும். பெண்களை உடல்வாகை மிகைப்படுத்தி வரைந்த விதமும் இன்றைய கண்ணுக்கு உறுத்துகிறது.

இருந்தும் அவர் கேலியில் விஷம் கிடையாது. பாதிரியார், வக்கீல், குடிகாரர், சொந்தக்காரர் எல்லோரையும் ஒரே பிரியத்தோடு கிண்டல் செய்தார். 2011 டிசம்பர் 11 அன்று லூட்டோலிம் வீட்டிலேயே காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இப்போது அவர் மனிதர்கள் காபிக் கோப்பைகளிலும் டைல்ஸ்களிலும் கோவாவின் நினைவுப் பொருட்களாக விற்பனையாகிறார்கள். வாங்குகிறவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், தவறில்லை. ஆனால் கூட்டத்தில் ஓரமாக நிற்கிற ரொட்டிக்காரரையும் மீன்காரியையும் ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பது நல்லது. பாடப்புத்தக வரலாற்றில் அவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை!